மூட முடியாத இடத்தைப் புனரமைத்தல்: விமான நிலைய வாகனத் தரிப்பிடங்களும் ஓடுபாதைகளும்

வீடொன்றைத் திருத்த வேண்டுமாயின் சில வாரங்களுக்கு உறவினர் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். பாடசாலையைத் திருத்துவதற்கு விடுமுறைக் காலம் இருக்கின்றது. ஆனால் வைத்தியசாலை, பேருந்து நிலையம், விமான நிலையம் போன்றவற்றுக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. ஒருபுறம் மக்கள் வந்துபோய்க்கொண்டிருக்க மறுபுறம் வேலை நடந்தாக வேண்டும். இத்தகைய பணிகளுள் மிக எளிதானதாகத் தோற்றமளிப்பது விமான நிலையத்தின் பொது வாகனத் தரிப்பிடங்களுக்குப் புதிதாகத் தளமிடும் பணியாகும். பழைய தாரைச் சுரண்டி அகற்றிவிட்டுப் புதிய காபட் இட்டு, வெள்ளைக் கோடுகளைக் கீறிவிட்டால் காரியம் முடிந்துவிடும் என்றே பலரும் எண்ணுவர். அவ்வாறு எண்ணித் தொடங்கப்படும் பணிகளே பெரும்பாலும் குழப்பத்தில் முடிகின்றன.

நமது நாட்டில் விமான நிலையத் தரிப்பிடம் வாகனங்களுக்கு மட்டும் உரிய இடமன்று. மத்திய கிழக்கு நாடொன்றுக்கு வேலைக்குச் செல்லும் மகளை வழியனுப்புவதற்காக மட்டக்களப்பிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ ஒரு குடும்பமே வேனில் புறப்பட்டு வருகின்றது. பல வருடங்களுக்குப் பின்னர் கனடாவிலிருந்து வரும் சகோதரனை அழைத்துச் செல்ல யாழ்ப்பாணத்திலிருந்து இரவிரவாகப் பயணம் செய்து வந்தவர்கள் விடியும்வரை அங்கேயே காத்திருக்கின்றனர். வழியனுப்புதலும் வரவேற்பும் நிகழ்வது பெரும்பாலும் அந்தத் தார்த் தரையின் மீதுதான். அவ்விடத்தில் ஒரு பகுதி திடீரென அடைக்கப்பட்டிருந்தால், பழக்கமற்ற சாரதி எங்கே திரும்புவது எனத் தெரியாது தடுமாறுவார். விமானத்தைத் தவறவிடுபவருக்கு ஏற்படும் இழப்பு பயணச்சீட்டுப் பணத்துடன் நின்றுவிடுவதில்லை. கடன்பட்டுப் பெற்ற வேலைவாய்ப்பே கைநழுவிப் போகக்கூடும்.

ஆகவே, பாவனையை நிறுத்தாமல் தளமிடுவது என்பது பொறியியல் சார்ந்த பணியாக இருப்பதோடு, பங்கீடு சார்ந்த பணியாகவும் இருக்கின்றது. வேலைக்கும் மக்களுக்கும் இடையே ஒன்றில் இடம் பங்கிடப்பட வேண்டும். அல்லது காலம் பங்கிடப்பட வேண்டும். வாகனத் தரிப்பிடத்தில் இடத்தைப் பங்கிடுகின்றோம். ஒரேயொரு ஓடுபாதையைக் கொண்ட விமான நிலையத்தில் அந்த ஓடுபாதையின் காலத்தைப் பங்கிடுகின்றோம். இரண்டிலும் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதில் தாரின் தரத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு மக்களுக்குக் கொடுக்கப்படும் அறிவித்தலுக்கும் உண்டு. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தளம் ஏன் பழுதடைகின்றது?

வாகனத் தரிப்பிடத்தின் தளம் பல படைகளால் ஆனது. அடியில் இறுக்கப்பட்ட இயற்கை மண், அதன் மேல் கிறவலாலும் உடைகல்லாலும் அமைந்த தாங்கு படைகள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாரும் கல்லும் கலந்த மேற்படை என அவை அமையும். கார்களும் வேன்களும் நிற்கும் இடங்களில் இந்த மேற்படை பெரும்பாலும் 40 முதல் 50 மில்லிமீற்றர் வரையான தடிப்பையே கொண்டிருக்கும். பாரத்தின் பெரும் பகுதியைத் தாங்குவன அடிப்படைகளேயாகும். அவற்றுக்குள் மழைநீர் இறங்காமல் காப்பது மேற்படையின் தலையாய கடமைகளுள் ஒன்றாகும்.

வீதி பழுதடைவதும் தரிப்பிடம் பழுதடைவதும் ஒரே விதமாக நிகழ்வதில்லை. வீதியில் வாகனங்கள் கடந்து சென்றுவிடுகின்றன. தரிப்பிடத்திலோ அவை ஒரே இடத்தில் மணிக்கணக்காக, சிலவேளைகளில் நாட்கணக்காக நிற்கின்றன. வெப்ப வலயத்து நண்பகல் வெயிலில் கரிய தளத்தின் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸ் வரை சூடேறக்கூடும். அந்நேரம் இளகியிருக்கும் தாரின் மீது சக்கரங்கள் மெல்ல மெல்லப் பள்ளம் ஏற்படுத்துகின்றன. வாகனம் நகராமல் நிற்கும்போதே சுக்கானைத் திருப்புவதனால் கற்கள் பெயர்கின்றன. இயந்திரத்திலிருந்து சொட்டும் எண்ணெயும் டீசலும் தாரைக் கரைத்துவிடுகின்றன. பல வருட வெயில் தாரின் நெகிழ்ச்சியைப் போக்கி அதனை நொருங்கும் தன்மை உடையதாக்குகின்றது. பின்னர் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. அவற்றினூடாக நீர் இறங்குகின்றது. நனைந்த அடிப்படை வலுவிழக்கின்றது. இறுதியில் முதலையின் தோலைப் போன்று வெடிப்புகள் ஒன்றுடன் ஒன்று பின்னிப் பள்ளமாகின்றன.

இவ்வரிசையை அறிந்துகொள்வது பணத்தோடு தொடர்புடைய விடயமாகும். மயிரிழை வெடிப்பு நிலையிலேயே அவற்றை அடைத்துவிட்டால் தரிப்பிடத்தின் ஒரு மூலையைச் சில மணித்தியாலங்கள் மூடினால் போதும். மேற்படை மட்டும் தேய்ந்திருந்தால் அதனை அகற்றிப் புதிதாக இடலாம். ஒரு பகுதிக்குச் சில நாட்கள் தேவைப்படும். அடிப்படை கெட்டுவிட்டாலோ தோண்டி எடுத்து மீளக் கட்டியெழுப்ப வேண்டும். அதற்கு வாரங்கள் செல்லும். கெட்டுப்போன அடிப்படையின் மேல் புதிய காபட்டை விரித்து மறைப்பவர்கள், பழைய வெடிப்புகள் ஒரு மாரி கழிவதற்குள் மீண்டும் மேலே வருவதைக் காண்பார்கள். தாமதம் செலவைப் பெருக்குவதுடன் பொதுமக்களின் சிரமத்தையும் பெருக்குகின்றது.

வடிகாலும் கவனத்திற் கொள்ளப்பட வேண்டியதாகும். நீர் வடிவதற்கு ஒவ்வொரு 100 மீற்றருக்கும் 1 முதல் 2 மீற்றர் வரையிலான சாய்வு வழமையாகக் கொடுக்கப்படும். பழைய தளத்தை அகற்றாது அதன் மேலேயே புதிய படையை இட்டால் தரைமட்டம் உயர்கின்றது. நடைபாதையின் ஓரக்கல் தாழ்ந்துபோகும். வடிகால் மூடிகள் குழிக்குள் அகப்பட்டுவிடும். நீர் முன்னர் சென்ற திசையை விட்டுக் கட்டடத்தை நோக்கித் திரும்பவும் கூடும். இதனாலேயே, மேலே இடப்போகும் தடிப்புக்கு ஏற்ப முதலில் சுரண்டி எடுக்கப்படுகின்றது.

இடத்தைப் பங்கிடும் முறை

எத்தனை வாகனங்களுக்கான இடத்தை ஒரே தடவையில் மூடலாம் என்பதே முதற் கேள்வியாகும். இதற்குச் சராசரிக் கணக்கு உதவாது. ஆயிரம் வாகனங்கள் நிற்கக்கூடிய தரிப்பிடத்தில் சாதாரண நாளில் அறுநூறு வாகனங்கள் நிற்பதாகவும், நெரிசல் மிகுந்த நாளில் எண்ணூற்றைம்பது நிற்பதாகவும் கொள்வோம். மாற்று இடம் ஒழுங்கு செய்யப்படாதவிடத்து, நெரிசல் மிகுந்த நாட்களில் 150 இடங்களுக்கு மேல் மூட முடியாது. டிசம்பர் விடுமுறை, சித்திரைப் புத்தாண்டு, ஹஜ் பயணக் காலம் ஆகியவற்றில் அதனையும் மூடாதிருப்பதே நன்று.

அடுத்து, வேலையின் அளவைக் கணக்கிட வேண்டும். ஒரு கார் நிற்பதற்கான இடம் சுமார் 12 சதுர மீற்றராக இருந்தபோதிலும், அதற்குரிய உள்வழிகளையும் சேர்த்தால் 25 முதல் 30 சதுர மீற்றர் வரை தேவைப்படும். எனவே 100 கார்களுக்கான பகுதி என்பது 2,500 முதல் 3,000 சதுர மீற்றராகும். அதற்கு 50 மில்லிமீற்றர் தடிப்பில் மேற்படை இடுவதற்கு ஏறத்தாழ 300 முதல் 360 தொன் வரையான தார்க்கலவை வேண்டும். பத்துத் தொன் கொள்ளும் டிப்பர் வாகனங்களில் ஏற்றினால் அது முப்பது தடவைகளுக்கும் அதிகமாகும். சுரண்டிய பழைய தாரை வெளியேற்றுவதற்கும் ஏறத்தாழ அதேயளவு பயணங்கள் தேவை. பயணிகள் உள்ளே வரும் வாயிலாலேயே இந்த டிப்பர்களும் வந்துசெல்லுமாயின், மூடப்படாத பகுதியும் மூடப்பட்டதற்குச் சமமாகிவிடும். வேலை வாகனங்களுக்கெனத் தனி வாயில் ஒன்றை ஒதுக்குவது, அது முடியாதவிடத்து விமானங்கள் குறைவாக உள்ள நேரத்தை ஒதுக்குவது திட்டத்தின் முதற் பக்கத்திலேயே இடம்பெற வேண்டிய விடயமாகும்.

பகுதிகளைச் சிறிதாகப் பிரித்தால் மக்களுக்கு வசதி அதிகம் என்று தோன்றும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. நேற்று இட்டு ஆறிப்போன தளத்தோடு இன்று இடும் சூடான தளம் சேரும் பொருத்து எப்போதும் பலவீனமானது. பழைய விளிம்பைச் செங்குத்தாக வெட்டித் தார்ப்பால் பூசி இணைத்தாலும், வெடிப்பு பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்கும். பகுதிகள் பெருகப் பெருகப் பொருத்துகளும் பெருகும்; இயந்திரங்களைக் கொண்டுவந்து திருப்பி அனுப்பும் செலவும் பெருகும். மிகப் பெரிய பகுதியாக மூடினால் மக்கள் இடமின்றித் தவிப்பர். மிகச் சிறிய பகுதிகளாகப் பிரித்தால் தளத்தின் ஆயுள் குறையும். இவற்றுக்கு இடைப்பட்ட அளவைக் காண்பதே திட்டமிடுவோரின் திறமையாகும். நீர் வழிந்தோடும் மேட்டு விளிம்புகளிலும் உள்வழிகளின் ஓரங்களிலும் பொருத்துகள் அமையுமாறு பிரிப்பது நன்மை தரும்.

மூடும் ஒழுங்கும் முக்கியமானது. முதலில் வடிகால் வேலை முடிக்கப்பட வேண்டும். பின்னர் பாவனை குறைந்த, தொலைவான பகுதியிலிருந்து தொடங்கினால், ஒப்பந்தக்காரரும் ஊழியரும் தமது தவறுகளைச் சிறிய அளவில் கண்டு திருத்திக்கொள்ளலாம். நுழைவாயிலும் வெளிவாயிலும் இறுதியாகச் செய்யப்பட வேண்டியவை. அவற்றையும் ஒவ்வொரு பாதியாக, இரவில் செய்வதே பொருத்தம். தீயணைப்பு வாகனத்துக்கும் அம்புலன்சுக்கும் உரிய வழி எந்தக் கட்டத்திலும் தடைப்படக் கூடாது.

நீண்டநாள் தரிப்பிடத்தில் வேறொரு சிக்கல் எழுகின்றது. சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இலண்டனில் இருப்பவரின் காரை யார் நகர்த்துவது? பகுதியை மூடுவதற்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்னரே அங்கு புதிய வாகனங்களை அனுமதிக்காது விட்டால், அது பெருமளவுக்குத் தானாகவே காலியாகிவிடும். எஞ்சும் வாகனங்களின் இலக்கத்தையும் நிலையையும் பதிவுசெய்து, உரிமையாளருக்கு அறிவித்த பின்னரே இழுத்துச் செல்ல வேண்டும். 2001 ஜூலை 24 ஆம் திகதி கட்டுநாயக்க விமான நிலையமும் அதனை அடுத்துள்ள விமானப்படைத் தளமும் தாக்கப்பட்டமையையும், 2019 ஏப்ரல் 21 ஆம் திகதிய குண்டுத் தாக்குதல்களையும் அனுபவித்த நமது நாட்டில், விமான நிலையத்தில் கேட்பாரற்று நிற்கும் வாகனம் வெறும் இடைஞ்சலாக மட்டும் நோக்கப்படுவதில்லை. ஆகவே இந்தப் பதிவு பாதுகாப்பின் பொருட்டும் அவசியமானது.

வலுவிழந்தோருக்கும் முதியோருக்கும் ஒதுக்கப்பட்ட இடங்களே வேலை தொடங்கும்போது முதலில் காணாமற்போவது வழக்கம். அவை கட்டடத்துக்கு அண்மையில் இருப்பதே அதற்குக் காரணம். அவற்றுக்கு மாற்றிடம் ஒழுங்குசெய்த பின்னரே அந்தப் பகுதியில் கைவைக்க வேண்டும். அமெரிக்காவின் விதிகளின்படி இத்தகைய இடங்களின் சாய்வு 48 இற்கு 1 என்பதை விஞ்சலாகாது. சக்கர நாற்காலி தானாக உருண்டுவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு. தற்காலிகமாக ஒதுக்கப்படும் கிறவல் தரை இந்தத் தேவையை நிறைவேற்றுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஒரு பகுதியில் நடக்கும் வேலை

மூடப்பட்ட பகுதியில் முதலில் சுரண்டும் இயந்திரம் மேற்படையை அகற்றுகின்றது. வெளிப்படும் தரையைக் கழுவியோ காற்றால் ஊதியோ தூசு நீக்க வேண்டும். தூசின் மேல் இடப்படும் தளம் ஒட்டாது. அடிப்படையில் மென்மையான இடங்கள் காணப்படுமாயின் அவற்றைத் தோண்டி நிரப்புவதற்கு இதுவே தருணமாகும். பின்னர் ஒட்டுப் பூச்சாகத் தார்ப்பால் தெளிக்கப்படும். தெளிக்கும்போது கபில நிறமாக உள்ள அது, நீர் பிரிந்ததும் கறுப்பாக மாறும். அதன் பின்னரே தார்க்கலவையை இட வேண்டும். இந்த இடைவேளையில் தடையைத் தாண்டி நடப்பவர்கள் பாதணிகளில் தாரை ஏந்திக்கொண்டு கட்டடத்தினுள் செல்வதைத் தடுக்கக் காவலர் ஒருவர் தேவை.

தார்க்கலவை ஏறத்தாழ 135 முதல் 160 பாகை செல்சியஸ் வரையிலான சூட்டில் விரிக்கப்படுகின்றது. அது 80 முதல் 90 பாகை வரை ஆறுவதற்கு முன்னரே உருளைகளால் இறுக்கி முடித்துவிட வேண்டும். ஆறிய கலவையை எத்தனை தடவை உருட்டினாலும் உள்ளிருக்கும் காற்று இடைவெளிகள் போதியளவு குறையமாட்டா; பின்னர் மழைநீர் அவற்றினுள் புகுந்துகொள்ளும். டிப்பர் வாகனம் நகர நெரிசலில் அகப்பட்டுத் தாமதித்தால் சுமையே வீணாகலாம். கொழும்பையும் கட்டுநாயக்கவையும் இணைக்கும் அதிவேகப் பாதை 2013 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. எனினும் தார்க்கலவை நிலையம் எங்குள்ளது, வரும் வழி எது, எந்த நேரம் நெரிசல் என்பன இன்றும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டியவையே.

இட்ட தளம் ஏறத்தாழ 60 பாகைக்குக் கீழ் ஆறும்வரை வாகனங்களை அனுமதிக்கலாகாது. வெயிலே தளத்தை அந்தச் சூட்டில் வைத்திருக்கும் நண்பகலில் ஆறுதல் மெதுவாகவே நிகழும். மாலையில் இட்டு இரவில் ஆறவிட்டுக் காலையில் திறப்பது சிறந்தது. அவ்வாறு திறந்தாலும் முதற் சில வாரங்களுக்குப் பாரமான பேருந்துகளை அங்கு நிறுத்தாதிருப்பது விவேகமாகும்.

காபட் மட்டுமே ஒரே தெரிவன்று. கொங்கிறீற் தளம் எண்ணெய்க்கும் நிலையான பாரத்துக்கும் நன்கு ஈடுகொடுக்கும். ஆனால் அது முழுமையான திட்ட வலிமையை அடைவதை 28 நாட்களின் பின்னரே கணிப்பது வழக்கம். வழமையான கலவையாயின் ஏறத்தாழ ஒரு வாரமாவது மூடிவைக்க வேண்டும். இன்டர்லொக் கற்கள் பதித்தவுடனேயே பாவிக்கத்தக்கவை. பழுதான இடத்தில் சில கற்களை மட்டும் எடுத்து மாற்றலாம். கையால் பதிப்பதனால் வேலை மெதுவாக நடக்கும் என்பதே குறை. எனவே நெரிசல் மிகுந்த ஏற்றியிறக்கும் இடங்களுக்குக் கற்களையும் பரந்த பகுதிகளுக்குக் காபட்டையும் பயன்படுத்துவது நியாயமான தெரிவாகும்.

கடைசியாகக் கோடுகள். பழைய கோடுகளைக் கறுப்பு மையால் மறைப்பது மலிவான வழி. ஆனால் மழை பெய்யும் இரவில், வாகன விளக்கொளியில் மறைத்த கோடும் மின்னும். சாரதிக்கு இரண்டு விதமான வழிகள் தெரியும். மூடப்பட்ட பாதையின் பழைய அம்புக்குறியை முற்றாக நீக்காமல் விடுவது எத்துணை ஆபத்தானது என்பதைப் பின்னர் காண்போம்.

காலத்தைப் பங்கிடும் முறை

தரிப்பிடத்தைப் பகுதி பகுதியாகப் பிரிக்க முடிந்தாலும், பெரிய விமானங்கள் இறங்கி ஏறும் ஓடுபாதையைப் பெரும்பாலும் அவ்வாறு பிரிக்க முடியாது. இரண்டு ஓடுபாதைகள் உள்ள இடத்தில் ஒன்றை முழுமையாக மூடிவிடலாம். டுபாய் சர்வதேச விமான நிலையம் 2019 ஏப்ரல் 16 ஆம் திகதி முதல் மே 30 ஆம் திகதி வரை தனது தெற்கு ஓடுபாதையை 45 நாட்களுக்கு மூடிப் புனரமைத்தது. 2022 இல் வடக்கு ஓடுபாதையும் மே 9 முதல் ஜூன் 22 வரை 45 நாட்கள் மூடப்பட்டது. சேவைகள் குறைக்கப்பட்டன, சில சேவைகள் அருகிலுள்ள மற்றைய விமான நிலையத்துக்கு மாற்றப்பட்டன. ஆனால் விமான நிலையம் இயங்கிக்கொண்டே இருந்தது.

மும்பையின் நிலை வேறு. அங்கு இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. வெட்டும் இடத்தில் வேலை நடக்கும்போது இரண்டுமே பயன்படா. எனவே 2019 பெப்ரவரி 7 முதல் மார்ச் 30 வரை செவ்வாய், வியாழன், சனி ஆகிய தினங்களில் முற்பகல் 11 மணி முதல் மாலை 5 மணி வரை ஓடுபாதைகள் மூடப்பட்டன.

கட்டுநாயக்கவில் இருந்தது ஒரேயொரு ஓடுபாதை. மூன்று கிலோமீற்றருக்கும் அதிக நீளமுள்ள அதனைப் புனரமைக்கும் பணிக்காக 2017 ஜனவரி 6 ஆம் திகதி முதல் மூன்று மாதங்களுக்கு, நாள்தோறும் காலை 8.30 மணி முதல் மாலை 4.30 மணி வரை விமான நிலையத்தின் ஓடுபாதை மூடப்பட்டது. விமான சேவைகள் மாலைக்கும் இரவுக்கும் அதிகாலைக்கும் நகர்த்தப்பட்டன. நாட்டின் மற்றைய சர்வதேச விமான நிலையமான மத்தல 2013 மார்ச்சில் திறக்கப்பட்டிருந்தபோதிலும், தென்கோடியில் உள்ள அது கட்டுநாயக்கவின் முழுச் சுமையையும் ஏற்கும் நிலையில் இருக்கவில்லை. ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலம் அப்பிரதேசத்தில் மழை குறைந்த காலம், தளமிடுவதற்கு உகந்தது. ஆனால் உல்லாசப் பிரயாணிகள் அதிகமாக வரும் பருவமும் அதுவே. வானிலையும் வருமானமும் ஒரே மாதங்களில் எதிரெதிராக நின்றன. பணி திட்டமிட்டபடி ஏப்ரல் முதல் வாரத்தில் நிறைவடைந்து சேவைகள் வழமைக்குத் திரும்பின.

எட்டு மணித்தியாலம் என்பது கேட்பதற்கு நீண்ட நேரம் போலத் தோன்றும். ஆனால் இயந்திரங்களைக் கொண்டுவருதல், சுரண்டுதல், தளமிடல், இறுக்குதல், ஆறவிடல், துப்புரவு செய்தல், பரிசோதித்தல் ஆகிய அனைத்தும் அதற்குள் முடிந்து, மாலையில் முதல் விமானம் இறங்கும்போது ஓடுபாதை மீண்டும் ஓடுபாதையாக இருந்தாக வேண்டும். புதிய தளத்துக்கும் பழைய தளத்துக்கும் இடையில் ஏற்படும் படியை அப்படியே விட முடியாது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள் இதற்குத் தற்காலிகச் சரிவு ஒன்றை அமைக்குமாறு கூறுகின்றன. 5 சென்ரிமீற்றர் வரையான தடிப்புக்கு அச்சரிவு 0.5 முதல் 1 சதவீதம் வரையிலும், அதற்கு மேற்பட்ட தடிப்புக்கு 0.5 சதவீதத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு வேளையிலும் ஓடுபாதையின் முழு அகலத்துக்கும் தளமிடுவதும், பெரும்பாலான விமானங்கள் மேட்டில் ஏறாது சரிவில் இறங்கிச் செல்லுமாறு ஒரு முனையிலிருந்து மறுமுனையை நோக்கி வேலையைக் கொண்டு செல்வதும், திறப்பதற்கு முன்னர் நடுக்கோட்டைக் கீறுவதும் அவ்விதிகளுள் அடங்கும்.

வாகனத் தரிப்பிடத்துக்கு இவ்வளவு நுணுக்கமான விதிகள் இல்லை. ஆயினும் ஐந்து சென்ரிமீற்றர் உயரமான அதே படி, பயணப்பொதிகளை ஏற்றிய தள்ளுவண்டியைக் கவிழ்க்கப் போதுமானது. முதியவர் ஒருவரின் காலை இடறவும் அது போதும். விமானத்தின் சக்கரத்துக்குக் காட்டும் கரிசனையில் ஒரு சிறு பங்கையேனும் சக்கர நாற்காலிக்கும் காட்டுவது நியாயமானதாகும்.

அறிவித்தலும் தடுப்பும்

பாவனையில் இருக்கும் இடத்தில் தளமிடுவது எத்துணை விபரீதமாக முடியலாம் என்பதற்குத் தாய்வானில் நிகழ்ந்த அனர்த்தம் சான்றாகும். 2000 ஒக்டோபர் 31 ஆம் திகதி இரவு, தாய்பே நகருக்கான அப்போதைய சியாங் கை ஷேக் சர்வதேச விமான நிலையத்திலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் நோக்கிப் புறப்பட்ட சிங்கப்பூர் எயார்லைன்ஸ் நிறுவனத்தின் போயிங் 747 விமானம், சூறாவளி மழைக்கு மத்தியில் தவறான ஓடுபாதைக்குள் திரும்பியது. அதற்குச் சமாந்தரமான ஓடுபாதையிலிருந்தே அது புறப்பட்டிருக்க வேண்டும். திரும்பிய ஓடுபாதையின் ஒரு பகுதி தளத் திருத்த வேலைக்காக மூடப்பட்டிருந்தது. வேகமெடுத்த விமானம் அங்கிருந்த கொங்கிறீற் தடைகளிலும் கட்டுமான இயந்திரங்களிலும் மோதித் தீப்பிடித்தது. விமானத்தில் இருந்த 179 பேரில் 83 பேர் உயிரிழந்தனர்.

அந்த ஓடுபாதை புறப்படுவதற்குப் பயன்படாது என்ற அறிவித்தல் வெளியிடப்பட்டிருந்தது. விமானிகளும் அதனை அறிந்திருந்தனர். ஆனால் மழையிலும் இருளிலும் தமக்கு முன்னே தெரிந்த விளக்குகளைப் பின்பற்றி அவர்கள் சென்றனர். அந்த ஓடுபாதையின் ஒரு பகுதி விமானங்கள் நகர்ந்து செல்லும் வழியாகப் பாவனையில் இருந்தமையால், அதன் நுழைவிடத்தில் தடுப்பு எதுவும் வைக்கப்பட்டிருக்கவில்லை. விமானிகளின் தவறும் விமான நிலையத்தின் குறைபாடும் ஒன்றுசேர்ந்தமையே அனர்த்தத்துக்கு வழிவகுத்தது எனலாம்.

பயிற்சி பெற்ற விமானிகளுக்கே இவ்வாறு நேருமாயின், மாதத்துக்கு ஒரு தடவையோ வருடத்துக்கு ஒரு தடவையோ வரும் வேன் சாரதியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மனிதன் காகிதத்தில் வாசித்ததை விடக் கண்முன் தெரியும் கோட்டையும் விளக்கையுமே நம்புகின்றான். ஆகவே மூடப்பட்ட வழி மூடப்பட்டதாகத் தோற்றமளிக்க வேண்டும். பழைய அம்புக்குறி நீக்கப்பட வேண்டும். பழைய விளக்கு அணைக்கப்பட வேண்டும். தடுப்பு உறுதியானதாகவும் இரவில் ஒளிர்வதாகவும் இருக்க வேண்டும். கயிற்றில் தொங்கும் பிளாஸ்ரிக் நாடா தடுப்பாகாது.

பொதுமக்களுக்குச் சொல்லப்பட வேண்டியவை

இத்தகைய பணி தொடங்குவதற்கு முன்னர் பயணிகளுக்கு ஐந்து விடயங்கள் தெரிவிக்கப்பட வேண்டும். எந்தப் பகுதி எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை மூடப்படும், மாற்றிடம் எங்குள்ளது, அங்கிருந்து கட்டடத்துக்குச் செல்ல எவ்வளவு நேரம் எடுக்கும், வலுவிழந்தோருக்கான ஏற்பாடு யாது, வழி தவறியவர் யாரிடம் கேட்கலாம் என்பனவே அவை. இவற்றுள் நடைநேரத்தைக் கூறுவதே பெரும்பாலும் தவறவிடப்படுகின்றது. கட்டடத்தின் வாசலில் இறங்கிப் பழகியவருக்கு, இம்முறை அரை மணித்தியாலம் முன்னதாக வர வேண்டும் என்று ஒரு வரி எழுதுவதற்குச் செலவெதுவும் இல்லை.

அந்த அறிவித்தல் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பது தயவு கோரும் வேண்டுகோளன்று. அரசியலமைப்பின்படி சிங்களமும் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழிகள். ஆங்கிலம் இணைப்பு மொழி. நிரந்தரப் பெயர்ப்பலகைகளில் மும்மொழியும் பேணப்படும் இடங்களிற்கூட, அவசரத்தில் நாட்டப்படும் தற்காலிகப் பலகைகளில் தமிழ் இல்லாமற்போவதையும், இருந்தாலும் பிழை மலிந்து பொருள் புரியாது கிடப்பதையும் நாம் காணாத இடமில்லை. மன்னாரிலிருந்து இரவு முழுவதும் வாகனம் ஓட்டி வரும் சாரதிக்கு அந்தத் தற்காலிகப் பலகையே மற்றெல்லாப் பலகைகளை விடவும் முக்கியமானது. பலகையின் வாசகத்தையும் மொழியையும் ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவே சேர்த்துவிட்டால், தாரின் தடிப்பை அளப்பது போன்று அதனையும் அளந்து பார்த்தபின் கொடுப்பனவு வழங்கலாம்.

கட்டணம் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். தொலைவான கிறவல் தரையில் நிறுத்துமாறு பணிக்கப்பட்டவரிடம் வாசலில் நிறுத்தியவருக்குரிய கட்டணத்தை அறவிடுவது நீதியன்று. வேலை நடக்கும் காலத்தில் கட்டணத்தைக் குறைப்பது அல்லது முதல் ஒரு மணித்தியாலத்துக்கு விலக்களிப்பது பெரிய இழப்பாகாது. மக்களின் பொறுமைக்குக் கொடுக்கும் சிறிய விலையாகவே அதனைக் கொள்ள வேண்டும்.

புதிதாக அமையும் விமான நிலையங்களுக்கு இவற்றிலிருந்து கற்றுக்கொள்ளும் வாய்ப்பு இருக்கின்றது. பலாலியில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி திறக்கப்பட்டு, இடையில் தடைப்பட்ட சேவைகள் 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமாகின. இத்தகைய இடங்களில் தரிப்பிடங்கள் விரிவாக்கப்படும்போது, தனித்தனி வாயில்களும் தனித்தனி வடிகால்களும் உடைய பகுதிகளாகவே அவற்றைத் தொடக்கத்தில் அமைத்துவிட்டால், பதினைந்து இருபது வருடங்களின் பின் ஒரு பகுதியை மூடினாலும் மற்றவை தடையின்றி இயங்கும். கட்டும்போதே திருத்தும் நாளையும் நினைவிற்கொள்வது செலவல்ல, சேமிப்பேயாகும்.

திருத்த வேலைகள் நடக்கும்போது சிரமம் ஏற்படுவது இயல்பு. அதனை நமது மக்கள் அறியாதவர்கள் அல்லர். 2017 இன் அந்த மூன்று மாதங்களும் நேரமாற்றங்களையும் நெரிசலையும் பயணிகள் பொறுத்துக்கொண்டனர். எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பது முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தமை அதற்கு உதவியது. சொல்லப்பட்ட சிரமத்தை மக்கள் தாங்குவர். சொல்லப்படாத சிரமமே கோபமாகவும் இழப்பாகவும் மாறுகின்றது. தார் ஆறுவதற்குச் சில மணித்தியாலங்கள் போதும். இழந்த நம்பிக்கையை மீட்பதற்கு அதைவிட நீண்ட காலம் செல்லும் என்பதைப் பொறுப்புடையோர் கருத்திற்கொள்வார்களாக.